பாட்டன் வைத்த நிதி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 15-ஆம் நாள், முதியோருக்கு இழைக்கப்படும் கொடுமைகளைக் குறித்து மக்களிடையே விழிப்பை உண்டாக்கும் நாளாக உலக நாடுகள் பலவற்றில் அனுசரிக்கப்பட்டு வருகிறது. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கத்தை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2011-ஆம் ஆண்டில் முறையாக ஏற்றுக்கொண்டது. அந்நாளையொட்டி நடைபெறும் நிகழ்ச்சிகளுள் சிறுவர் சிறுமியர்க்கான ஓவியப் போட்டியும் ஒன்று. வரைதாளையும் வண்ணங்களையும் கையில் கொடுத்து, வீட்டிலுள்ள பெரியோர் எவ்வாறு நடத்தப்பட வேண்டும், எவ்வாறு நடத்தப்படலாகாது என்பதை வரைந்து காட்டும்படி குழந்தைகளைக் கேட்கிறார்கள்.

இதனைக் கேள்வியுறும் ஆஸ்திகர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளும்படி கற்பிக்க வேண்டிய பருவத்தில், அந்தத் தாய் தந்தையர் தம்மைப் பெற்றவர்களுக்குச் செய்யும் பிழையை நோக்கும்படி கற்பிப்பது தர்மமாகுமா? குற்றம் காணும் கண்ணைப் பிஞ்சிலேயே திறந்துவிடலாமா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. எம்பெருமானை ஸேவித்து மனம் கனிந்திருக்கும் உத்ஸவ காலத்தில் இதனைச் சற்று ஆராய்வது பொருத்தமாகும்.

குழந்தை காணும் காட்சி

அத்தகைய போட்டியொன்றில் ஒரு சிறுமி தன் வீட்டை வரைகிறாள் என்று கொள்வோம். கூடத்தில் அப்பா, அம்மா, தம்பி மூவரும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன் எவர்சில்வர் தட்டுகள் பளபளக்கின்றன. பின்கட்டில் ஒரு கயிற்றுக் கட்டில், அதில் பாட்டி, அருகே நசுங்கிய அலுமினியத் தட்டு. கூடத்தில் மின்விளக்கு மஞ்சள் வண்ணத்தில் ஒளிர்கிறது. பின்கட்டுக்கு விளக்கே வரையப்படவில்லை. ஏன் என்று ஆசிரியை கேட்டால், அங்கே விளக்கு இல்லை என்பதே அச்சிறுமியின் விடையாக இருக்கும். அவள் யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. உள்ளதை உள்ளபடி வரைந்தாள், அவ்வளவே.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. குழந்தையின் கண்ணைப் போட்டி திறந்துவிடவில்லை. அக்கண் முன்பே திறந்திருந்தது. பாட்டிக்குக் காபி ஆறிய பிறகு வருவதையும், தாத்தா கேட்ட கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லாமல் எழுந்து போவதையும், ஓய்வூதியம் வரும் நாளில் மட்டும் அவரிடம் இன்சொல் பேசப்படுவதையும் அது நாள்தோறும் பார்த்துக்கொண்டே வளர்கிறது. பார்த்ததைப் பேசலாகாது என்று மட்டுமே அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பேசாமை நாளடைவில் பழக்கமாகி, இதுதான் உலக நடை என்று அந்த இளம் உள்ளம் தீர்மானித்துவிடுவதே மெய்யான அபாயம்.

கொடுமை என்பது யாது?

முதியோரை அடித்தல் என்ற செய்தி 1975-ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ இதழ்களில் வெளியானபோது கற்றோர் பலரும் திடுக்கிட்டனர். அதன் பின்னரே அறிஞர்கள் இப்பொருளை முறையாக ஆராயத் தொடங்கினர். 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டிற்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிபு. நம் பாரத தேசத்தில் 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படியே 60 வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டிருந்தனர் என்பதை எண்ணினால் இத்துன்பத்தின் அளவு விளங்கும்.

கை ஓங்குவது ஒன்றே கொடுமையன்று. சுடுசொல் கூறுதல், கேட்டும் கேளாதார் போலிருத்தல், வேளைக்கு உணவும் மருந்தும் தாராமை, கையெழுத்தை வாங்கிக்கொண்டு வீட்டையும் நிலத்தையும் கவர்தல், உறவினரிடம் பேசவொட்டாமல் தடுத்தல், தனியே விட்டுச் செல்லுதல் ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை உடலில் தழும்பை உண்டாக்குவதில்லை. அதனால் அயலார் அறிவதுமில்லை.

திருதராஷ்டிரன் உண்ணாதிருந்த கதை

இப்பொருளை நம் இதிஹாஸம் மிக நுட்பமாகக் கூறியிருக்கிறது. மஹாபாரதத்தில் ஆச்ரமவாஸிக பர்வம் என்றொரு பகுதி உண்டு. யுத்தம் முடிந்து யுதிஷ்டிரர் அரசாளுகிறார். மக்கள் நூற்றுவரையும் இழந்த திருதராஷ்டிரன், கண்ணில்லாத கிழவனாக, வென்றவர்களின் அரண்மனையிலேயே பதினைந்து ஆண்டுகள் வாழ்கிறான். அவனுக்கு ஒரு குறையும் நேரலாகாது என்று தருமபுத்திரர் தம்பியர்க்குக் கட்டளையிட்டிருந்தார். உணவும் உடையும் மாலையும் முன்போலவே அளிக்கப்பட்டன. அரசு காரியங்களிலும் அவன் கருத்து கேட்கப்பட்டது.

ஆயினும் பீமஸேனனால் பழையவற்றை மறக்க இயலவில்லை. தமையனாரின் எதிரில் வணக்கம் காட்டிய அவன், மறைவில் கிழவனுக்கு விருப்பமில்லாதவற்றைச் செய்தான். ஒருநாள் நண்பர் நடுவே தோளைத் தட்டிக்கொண்டு, அந்தக் குருடன் மக்களை மாய்த்தவை இத்தோள்களே என்னும் கருத்துப்படப் பேசினான். திருதராஷ்டிரன் செவியிலும் காந்தாரியின் செவியிலும் விழும்படியாகவே பேசினான். யுதிஷ்டிரருக்கும் அர்ஜுனனுக்கும் குந்திக்கும் திரௌபதிக்கும் இது தெரியாது.

கேட்ட கிழவன் யாரிடமும் முறையிடவில்லை. ஜபம் செய்வதாகக் கூறிக்கொண்டு நாளில் ஒரு சிறு வேளை மட்டும் உண்டு, மான்தோல் விரித்துத் தரையில் படுத்து வந்தான். இது காந்தாரி ஒருத்திக்கே தெரியும். இறுதியில், வனம் செல்ல விடை கேட்ட வேளையில்தான் உண்மை வெளிப்பட்டது. தம் அரண்மனையில் தம் பெரிய தந்தை பட்டினி கிடந்ததை அறியாமல் அரசாண்டோமே என்று தருமபுத்திரர் தம்மையே நொந்துகொண்டார்.

இச்சரிதத்தில் இன்றைய இல்லங்களின் நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. கொடுமை செய்பவர் நல்லவர் முன்னிலையில் செய்வதில்லை. துன்புறும் முதியவரும் வெளியே சொல்வதில்லை. பசியில்லை என்பார், விரதம் என்பார், எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்பார். மகனின் பெயர் கெட்டுவிடுமே என்ற வாத்ஸல்யம் அவர் வாயைக் கட்டிவிடுகிறது. இல்லத் தலைவர் தருமபுத்திரரைப் போல நல்லவராகவே இருந்தாலும், அவரது நன்மை ஒன்றே போதுவதில்லை. சென்று பார்த்து, அருகில் அமர்ந்து, உண்டீர்களா என்று கேட்டு அறிய வேண்டும். அந்த அரண்மனையில் எங்கும் தடையின்றி ஓடி விளையாடும் ஒரு குழந்தை இருந்து, தாத்தா தரையில் படுத்திருக்கிறார் என்று யுதிஷ்டிரரிடம் கூறியிருக்குமானால் அத்தனை காலம் அவர் அறியாதிருக்க நேர்ந்திராது. ஓவியப் போட்டியின் பயனும் இதுவே. அறியாதிருக்கும் நல்லவர்க்கு அறிவிக்கும் தூதாகக் குழந்தை நிற்கிறது.

பிழை செய்த பெரியவர்

பீமன் பக்கத்திலும் நியாயம் இருந்ததன்றோ என்று கேட்கலாம். அரக்கு மாளிகையையும் சூதாட்டத்தையும் ஸபையில் திரௌபதி பட்ட பாட்டையும் தடுக்காதிருந்தவன் திருதராஷ்டிரன். இன்றும் சில இல்லங்களில், இவர் எங்களைச் சிறு வயதில் வளர்த்தாரா, குடித்துச் செல்வத்தை அழித்தாரன்றோ, மருமகளாக வந்த என்னை மாமியார் எவ்வளவு வருத்தினார் என்ற சொற்கள் எழுகின்றன. அவற்றுள் பல உண்மையாகவும் இருக்கும். அவ்வருத்தத்தைப் பொய்யென்று கூறுவது நேர்மையாகாது.

ஆயினும் தருமபுத்திரர் திருதராஷ்டிரனைப் போற்றியது அவன் குற்றமற்றவன் என்பதனாலன்று. வலிமையற்றுத் தம்மை அண்டியிருப்பவனைக் காப்பது தமது ஸ்வபாவம் என்பதனால். அசோகவனத்தில் தம்மைப் பத்து மாதங்கள் வருத்திய அரக்கியரைத் தண்டிக்க ஹனுமான் அனுமதி வேண்டியபோது, பிழையே செய்யாதவர் ஒருவரும் உலகில் இலர் என்பதை எடுத்துக்காட்டி அவரைத் தடுத்தருளினாள் பிராட்டி. அவளைப் புருஷகாரமாகப் பற்றியிருப்போர், தம் வீட்டுக் கிழவரிடம் மட்டும் பழங்கணக்கைத் தீர்த்துக்கொள்ள முற்படுவது எங்ஙனம் பொருந்தும்?

நான்கு படிகள்

முதியோரைப் பேணுவதற்குச் சொல்லப்படும் காரணங்களை நான்கு படிகளாக வைத்து நோக்கலாம்.

முதற்படி அச்சம். 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. தம்மைப் பேணாத மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறுவதற்குப் பெரியோர் அதற்குரிய தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் செய்யலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அதனை விசாரிக்கிறார். பேண வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றுக்கொண்டு பேணாது விட்டால், அந்தத் தானபத்திரத்தைச் செல்லாததாக்கவும் இச்சட்டத்தில் இடமுண்டு. முதியவரைக் காக்கும் பொறுப்புடையார் அவரைக் கைவிடும் எண்ணத்துடன் ஓரிடத்தில் விட்டுச் செல்வது மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இவை தேவையான வேலிகள். வேலி பயிரைக் காக்கும். ஆயினும் பயிரை விளைவிப்பது வேலியன்று.

இரண்டாம் படி கைம்மாறு. தாத்தாவுக்குக் கஞ்சி ஊற்றிய மண்சட்டியைப் பேரன் பத்திரப்படுத்தி வைத்து, நாளை அப்பாவுக்கு வேண்டியிருக்குமே என்று கூறிய கதையை அறியாதார் இல்லை. அது கேட்டுத் திருந்தினான் தந்தை. நல்ல கதைதான். ஆனால் அத்தந்தை திருந்தியது தன் நாளைய பசியை எண்ணியே அன்றி, தன் தந்தையின் இன்றைய பசியை எண்ணியன்று. பிள்ளையில்லாதவன் ஒருவன் இக்கதையைக் கேட்டால் அவனுக்கு இதில் பாடமே இராது.

மூன்றாம் படி கடன். பெற்று வளர்த்தவர்க்குப் பட்ட கடனைத் தீர்த்தல் வேண்டும் என்பது சாஸ்த்ரம் விதிக்கும் முறை. இது முன்னிரண்டினும் உயர்ந்தது. எனினும் கடன் என்ற எண்ணத்திற்கு ஓர் எல்லை உண்டு. தீர்ந்தது என்று கருதும் நாளில் கை ஓய்ந்துவிடும். மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் என்ற கேள்வி இப்படியில் நிற்பவர் வாயிலிருந்தே பிறக்கிறது.

நான்காம் படி கைங்கர்யம். உடையவர் காட்டியருளிய விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் சேதனர் யாவரும் எம்பெருமானுக்குச் சரீரம். மூப்பும் நரையும் உடம்பைச் சேர்ந்தவை, ஆத்மா மூப்பதில்லை. நடுங்கும் கையையும் தளர்ந்த காலையும் உடைய அந்த வடிவத்தினுள்ளும் அவனே அந்தர்யாமியாய் எழுந்தருளியிருக்கிறான். அங்ஙனமிருக்க, அவ்வடிவத்திற்கு ஒரு வாய் சோறும் ஒரு சொல் இன்மொழியும் அளிப்பது அவன் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யமே ஆகும். கைங்கர்யத்திற்குப் பலன் வேறொன்றில்லை, அதுவே பலன். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அபசாரங்களை வகைப்படுத்துமிடத்தில், பகவானிடம் செய்யும் அபசாரத்தினும் கொடியதாக அவன் அடியாரிடம் செய்யும் அபசாரத்தை வைத்தருளினார். வைகறையில் எழுந்து திருநாமம் சொல்லும் பாட்டி பாகவதர் அல்லரோ? கோயிலில் அடியார் கோஷ்டியை வணங்கிவிட்டு வீட்டில் அவரை ஏசினால் அது எந்த வகையில் சேரும் என்பதை அவரவர் சிந்திக்க வேண்டும்.

மறந்தவரை நினைத்தல்

முதுமையின் துன்பங்களுள் மறதி மிகக் கொடியது. பெற்ற மகனையே யார் என்று கேட்கும் தாயிடம் எவ்வளவு அன்பாக இருந்தும் என்ன பயன், அவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே என்ற சலிப்பு பலருக்கு உண்டாகிறது. இதற்கு விடை ஸ்ரீவராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய வராஹ சரம ச்லோகத்தில் இருக்கிறது. உடலும் மனமும் நன்றாயிருந்த காலத்தில் தன்னை நினைத்தவன், பின்பு கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் இறுதிக் காலத்தில் நினைக்க இயலாது போனாலும், அவனைத் தான் நினைத்திருந்து நற்கதியில் சேர்ப்பதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். மறந்தவர் பொருட்டு நினைப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதே இதன் ஸாரம்.

எம்பெருமான் செய்யும் அச்செயலின் ஒரு சிறு சாயலையே மக்கள் செய்யும்படி நேர்கிறது. தாய் மகனை மறந்தாள். மகன் தாயை மறக்கவில்லை. அவளுக்கு எந்தக் கீரை பிடிக்கும், எந்தப் பாசுரத்தைக் கேட்டால் அவள் உதடு அசையும் என்பதை அவன் நினைவில் வைத்திருக்கிறான். அவளுடைய நினைவு இப்போது அவனிடத்தில் இருக்கிறது. பெறுபவர் அறியாமல் செய்யும் அந்தத் தொண்டு, கைம்மாறு கருதாத கைங்கர்யத்திற்கு மிக அணித்தானது.

போட்டி நடத்துவோர் அறிய வேண்டுவன

இவ்வளவும் எண்ணிப் பார்த்தால், குழந்தைகளை இப்பொருளில் வரையச் சொல்வது தகும் என்றே முடிவாகும். ஆயினும் அதற்கு ஒரு முறைமை உண்டு. கண்ணீரும் காயமும் மிகுந்த படத்திற்கே பரிசு என்றால் குழந்தைகள் பொய்த்துயரை வரையக் கற்பார்கள். பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு தாத்தா கோயிலுக்கு நடக்கும் படமும் அங்கே மதிக்கப்பட வேண்டும். ஏதேனும் ஒரு படம் கற்பனையாக இராமல் முறையீடாக இருக்கக்கூடும் என்று தோன்றினால், அதனைப் பலர் காணச் சுவரில் மாட்டிக் குடும்பத்தை நாணச் செய்யாமல், குழந்தையிடமும் பெற்றோரிடமும் தனியே பரிவுடன் பேசுவது ஆசிரியர் கடமை. கண்டதைச் சொன்னதற்காகக் குழந்தை வீட்டில் தண்டனை பெறுமாறு விட்டுவிடலாகாது. குற்றம் காணும் கண்ணைத் திறக்கலாமா என்ற ஐயத்திற்கு விடை இதில்தான் இருக்கிறது. பிறரைத் தூற்றுவதற்குக் காணும் கண் வேறு; துன்புறுபவரைத் தூக்கிவிடுவதற்குக் காணும் கண் வேறு. பின்னதைத் தயை என்று பெரியோர் கூறுவர்.

யாத்ரிகர்களுக்கு

பண்டரிபுரத்துப் புண்டலீகரின் சரிதத்தை யாத்ரிகர் அனைவரும் சிந்திக்க வேண்டும். முதலில் அவர் பெற்றோரைப் பேணாதவர். காசி யாத்திரை சென்றபோது தாமும் மனைவியும் குதிரையேறிச் செல்ல, முதிய தாய் தந்தையரை நடக்கவிட்டார் என்று பக்தர் சரிதம் கூறும். வழியில் குக்குட முனிவரின் ஆச்ரமத்தில் மாசு படிந்த ஆடையுடன் நுழைந்த மங்கையர் சிலர் தூய்மை பெற்று வெளிவருவதைக் கண்டார். கங்கை முதலிய புண்ணிய நதிகளே அவர்கள்; யாத்ரிகர் கழுவிய பாவத்தைப் பெற்றோரைப் பேணும் அம்முனிவரின் இடத்தில் வந்து தீர்த்துக்கொள்கிறார்கள் என்று அறிந்ததும் அவர் மனம் மாறியது. பின்னாளில் எம்பெருமானே வாசலில் வந்து நின்றபோது, பெற்றோர் பணிவிடை முடியும் வரை நிற்கும்படி ஒரு செங்கல்லை எடுத்துப் போட்டார். பெருமானும் அதன்மேல் நின்றான். இன்றும் விட்டலனாக நின்று ஸேவை ஸாதிக்கிறான். பெற்றோரை வருத்தியவரும் திருந்தலாம் என்பதற்கும், திருந்தியவரைப் பெருமான் காத்திருந்து ஏற்கிறான் என்பதற்கும் இதனினும் வேறு சான்று வேண்டா.

திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய முதியோரின் பெயர்கள் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுவதைக் கேட்கிறோம். அவருள் பெரும்பாலோரைத் தேடி மக்கள் ஓடி வருகிறார்கள். எவரும் தேடி வராத சிலரும் உண்டு. கூட்டத்தில் கைவிடுவதற்கென்றே அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அத்தகையோரைக் கண்டால் ஒரு குவளைத் தண்ணீர் தந்து, அருகில் அமர்ந்து பேசி, கோயில் அலுவலகத்திலோ காவல் உதவி மையத்திலோ சேர்ப்பிப்பதும் யாத்திரையின் ஓர் அங்கமே. முதியோர் உதவிக்கென 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

ஆளவந்தார் இளமையில் அரசபோகத்தில் ஆழ்ந்திருந்தபோது, மணக்கால் நம்பி அவரை அடைந்து, உம்முடைய பாட்டனார் நாதமுனிகள் உமக்கென்று ஒரு நிதி வைத்துப் போயிருக்கிறார் என்றார். இரண்டு ஆறுகளின் நடுவே, ஏழு மதில்களுக்குள், ஒரு பாம்பு காத்துக்கொண்டிருக்கும் நிதி என்று கூறி அழைத்துச் சென்று, அரவணையில் பள்ளிகொண்ட அரங்கனைக் காட்டிக்கொடுத்தார். பாட்டனார் வைத்தது பொன்னன்று, நிலமன்று. பேரனின் வாழ்வு முழுவதையும் மாற்றியது அந்நிதி.

ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் கயிற்றுக் கட்டிலில் கிடக்கும் முதியவரிடத்தில் அத்தகையதொரு நிதி இருக்கிறது. அவர் கற்ற பாசுரமும், கேட்ட சரிதமும், இந்தத் திருவிழாவைத் தம் பாட்டனாரின் தோளில் அமர்ந்து பார்த்த நினைவும் அவரோடு போய்விடலாகாது. அதைப் பெற வல்லவர் பேரக்குழந்தைகளே. யாத்திரை முடித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், எம்பெருமானின் தீர்த்தத்தையும் திருத்துழாயையும் ப்ரஸாதத்தையும் முதலில் அந்தப் பின்கட்டுக்கு எடுத்துச் செல்வார்களாக. குழந்தையின் கையால் அதனைக் கொடுக்கச் செய்வார்களாக. அங்கே ஒரு விளக்கையும் ஏற்றி வைப்பார்களாக. அடுத்த முறை அக்குழந்தை தன் வீட்டை வரையும்போது அவ்விளக்கும் படத்தில் இடம் பெறும்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.